ஒரு சொம்புக் கருணைக்கடல்

கறம்பக்குடி செய்த தவம் சாமானியத் தவம் அல்ல. காவிரிக் கரைக்கு ஆறு வாய்த்தது. கடற்கரைக்கு மீன் வாய்த்தது. எங்களுக்கோ, ஆண்டுக்கு ஒருமுறை மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும் பெருந்தகை வாய்த்தார். ஆண்டுக்கு ஒருமுறைதானா என்று வாயைத் திறக்கும் அற்பர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அகத்தியர் கமண்டலமும் ஒருமுறைதான் கவிழ்ந்தது. அதிலிருந்துதான் காவிரியே வந்தது. எங்கள் பெருந்தகையின் சொம்பும் ஒருமுறைதான் கவிழும். அதிலிருந்து என்ன வந்தது என்று கேட்பது பக்தர்களுக்கு அழகல்ல.

அவருடைய திருநாமத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், என் எழுத்தால்தான் அவர் புகழ் பரவிற்று என்று நாளைக்கு யாராவது சொல்லிவிடுவார்கள். தேவையும் இல்லை. எங்கள் குளக்கரைச் சாலையில் வரிசையாக நிற்கும் இருபத்து மூன்று இரும்புக் கூண்டுகளிலும் ‘உபயம்’ என்ற சொல்லுக்குக் கீழே, கன்றைவிட உயரமான தகரப் பலகையில், அந்தப் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. சித்திரை வெயிலில் அந்தக் கன்றுகளுக்குக் கிடைக்கும் ஒரே நிழல் அந்தப் பெயரின் நிழல்தான். பெயருக்கே இத்தனை குளிர்ச்சி என்றால் ஆளுக்கு எத்தனை இருக்கும்!

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல் எங்கள் பக்கமாக நடந்து போனது. தென்னை, பலா, மா எல்லாம் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. எங்கள் கொல்லையில் தாத்தா காலத்துப் பலா வேரோடு புரண்டு, விடிந்தபோது கிணற்றுமேட்டில் தலைவைத்துக் கிடந்தது. அந்தக் கண்ணீர் காயும் முன்பே மரம் நடு விழாக்கள் தொடங்கின. அவற்றின் மணிமுடியாக எங்கள் பெருந்தகையின் விழாவும் தொடங்கிற்று. கஜா அவசரக்காரப் புயல். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டது. எங்கள் பெருந்தகையோ நிதானஸ்தர். ஆண்டுக்கு இருபத்து மூன்று, அதற்குமேல் ஒன்றுகூட இல்லை.

நாள் குறிப்பதில் அவருக்கு இருக்கும் ஞானத்தைக் கண்டு பஞ்சாங்கக்காரர்களே வாயடைத்துப்போவார்கள். எங்கள் மாவட்டத்துக்கு மழை என்றால் அது வடகிழக்குப் பருவமழைதான். ஐப்பசி, கார்த்திகையில் அடைத்துக்கொண்டு பெய்யும். அப்போது நட்டால் மூன்று மாதத்துக்கு வானமே தண்ணீர் ஊற்றி, வேரைப் பிடிக்கவைத்து, தை மாதத்தில் கன்றை நம் கையில் ஒப்படைத்துவிடும். வானமே ஊற்றிவிட்டால் வள்ளல் எதற்கு? வருணனோடு புகழைப் பங்குபோட்டுக்கொள்ளும் சிறுமை அவரிடம் கிடையாது. ஆகவே அவர் ஜூன் 5ஆம் தேதியைத் தேர்ந்தெடுக்கிறார். உலகச் சுற்றுச்சூழல் நாள். கத்திரி முடிந்து முழுதாகப் பத்து நாள்கூட ஆகாமல், மண் செங்கல்லாகச் சுட்டுவைத்திருக்கும் முகூர்த்தம். அன்று சிறப்பு விருந்தினர் கிடைக்காவிட்டால் ஜூலை முதல் வாரம் இருக்கவே இருக்கிறது. 1950இல் கே. எம். முன்ஷி வன மகோத்சவத்தைத் தொடங்கியபோது அந்த வாரத்தைக் குறித்தது வடநாட்டில் அப்போது தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற கணக்கில் இருக்கலாம். எங்கள் ஊரில் அந்த வாரத்தில் கொட்டுவது ஆடிக்கு முன்னோட்டமான காற்று மட்டும்தான். அம்மியைப் பறக்கவைக்கும் அந்தக் காற்று, இலையில் இருக்கும் ஈரத்தை விட்டுவைக்குமா? வடநாட்டு மழையை நம்பித் தென்னாட்டில் கன்று நடும் இந்தத் தேசிய ஒருமைப்பாட்டை வேறு யாரிடம் காண முடியும்?

இனி, மரத் தேர்வு. மகிழம், நாவல், புன்னை என்று பசுமைமாறா மரங்களாகவே கொண்டுவரச் சொல்வார். இலையுதிர் மரங்கள் கஞ்சத்தனமானவை. வறட்சி வந்ததும் இலையைக் கொட்டிவிட்டுத் தண்ணீர்ச் செலவைக் குறைத்துக்கொள்ளும். பசுமைமாறா மரம் அப்படியல்ல, மானஸ்தன். வருமானம் நின்றபிறகும் வீட்டுச் செலவைக் குறைக்காத பழைய பண்ணையார் குடும்பம் மாதிரி, பங்குனியிலும் சித்திரையிலும் எல்லா இலைகளையும் வைத்துக்கொண்டு, எல்லா இலைகள் வழியாகவும் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். வேர் ஊன்றும்வரை, முதல் இரண்டு கோடைக்கேனும், அதற்குக் கேட்டுக் கேட்டுத் தண்ணீர் கொடுக்க வேண்டும். ஆண்டு முழுவதும் குடிக்கும் உயிரை ஆண்டுக்கு ஒருமுறை ஊற்றும் கையில் ஒப்படைத்த பொருத்தத்தை என்னவென்று சொல்வது! பத்துப் பொருத்தமும் பார்த்துச் செய்த கல்யாணம் இது.

இடமும் லேசில் கிடைத்ததல்ல. செம்மண்ணும் சரளையுமாகப் பரந்து கிடக்கும் வட்டாரத்தில், தேடித் தேடிக் குளத்தின் ஓரத்துக் களியைப் பிடித்தார். அந்தக் களியில் மண்வெட்டி போட்டால் வெண்ணெய் வெட்டியதுபோல வழவழவென்று வரும். பொக்லைனின் வாளி பட்டால் கேட்கவே வேண்டாம். குழியின் பக்கச் சுவர் வெண்கலக் கும்பா மாதிரி மின்னும். கும்பாவில் ஊற்றியது கும்பாவிலேயே நிற்கும். வேர் முட்டிப் பார்த்துவிட்டுச் சுவரைச் சுற்றிச் சுற்றி வரும். சுவரைக் கடப்பாரையால் கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும் என்பார்கள் பாமரர்கள். பெருந்தகை கட்டிய மாளிகைச் சுவரைக் கொத்துவதா? அபச்சாரம்.

அந்தத் திருநாளை ஒருமுறை அருகில் நின்று பார்க்கும் பேறு எனக்குக் கிடைத்தது. பத்து மணி விழா, பன்னிரண்டே முக்காலுக்குத் தொடங்கியது. அதுவரை கன்றுகள் வெயிலில் நின்று வரவேற்றன. நாதஸ்வரம், சால்வை, வரவேற்புரை எல்லாம் முடிந்து பெருந்தகை குழியருகே எழுந்தருளினார். கருப்புக் கவரோடு கன்றை வாங்கி, கவரோடு குழிக்குள் இறக்கினார். கவரைக் கிழிக்கவில்லை. கிழித்தால் நாற்றங்காலில் செம்மண்ணும் மணலும் எருவும் கலந்து கட்டிய வேர்ப் பந்து உதிர்ந்துவிடுமோ என்ற தாய்மை. பிறந்த வீட்டுச் சேலையோடு புகுந்த வீட்டுக்கு அனுப்பிவைக்கும் பண்பாடு. மூன்று கைப்பிடி மண் தள்ளினார். கை கழுவத் தண்ணீர் கொடுத்தார்கள், ஒரு குடம். பிறகு கன்றுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், ஒரு சொம்பு. முன்னதில் பாதியும் குழியில்தான் விழுந்தது என்பதால் கணக்கில் பாரபட்சம் சொல்ல முடியாது.

சொம்பு கவிழ்ந்தது. அந்த நேரத்தில் நான் கண்ட அற்புதம் ஒன்று. களிமண் தண்ணீரை உடனே குடித்துவிடும் அநாகரிக மண் அல்ல. ஊற்றிய நீர் குழியில் அப்படியே கண்ணாடியாகத் தேங்கி நின்றது. அந்தக் கண்ணாடியில் பெருந்தகையின் திருமுகம் தெரிந்தது. அவர் குனிந்து பார்த்தார். கன்றைப் பார்த்தார் என்று அருகிலிருந்தவர்கள் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

விழாவுக்குப் பின் ஒரு வாரம் தண்ணி லாரி வரும். அந்த ஓட்டுநர் தம்பியின் கலையையும் பாடாவிட்டால் நான் நன்றி கெட்டவன். வண்டியை நிறுத்தமாட்டார். ஓடுகிற லாரியில் நின்றபடியே இன்னொரு தம்பி குழாயைப் பிடிக்க, வெள்ளம் முதலில் தகரப் பலகையில் பட்டு, அங்கிருந்து இலையில் தெறித்து, பாத்தியின் வரம்பைக் கரைத்துக்கொண்டு ரோட்டுக்கு வரும். பலகையில் இருக்கும் பெயர் பளபளக்கும். ரோட்டுப் புழுதி அடங்கும். எதிரே சைக்கிளில் வருபவர் குளிப்பார். ஒரே ஊற்றலில் மூன்று தர்மம்.

களிமண்ணைப் பற்றிப் படித்தவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: அது மணிக்கு 1 முதல் 5 மில்லிமீட்டர் நீரைத்தான் உள்ளே விடும். ஒரு மீட்டர் குறுக்களவுள்ள பாத்தி என்றால், வாரிக் கொடுத்தாலும், மணிக்கு நாலு லிட்டருக்குமேல் இறங்காது. மெதுவாக, விட்டு விட்டு, சொட்டுச் சொட்டாக, வேரின் ஆழம் வரை இறங்கும்படி ஊற்று. பிறகு பல நாள் விட்டுவிடு. ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்து உருட்டிப் பார், உருண்டை பிடித்தால் இன்றைக்கு வேண்டாம் என்பது அவர்கள் கட்சி. இதெல்லாம் பொறுமை இருப்பவர்கள் பிழைப்பு. எங்கள் லாரி பத்து விநாடியில் ஒரு கூண்டைக் கடந்துவிடும். மண்ணுக்கு வேகம் பற்றவில்லை என்றால் அது மண்ணின் குற்றமே தவிர லாரியின் குற்றம் அல்ல.

ஒரு வாரம் கழித்து லாரி நின்றுவிடும். அப்போது களிமண் தன் கலையைக் காட்டத் தொடங்கும். மேலே அப்பளமாக ஓடு கட்டும். பிறகு பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்புக்கு நடுவே மாட்டிக்கொண்ட பிஞ்சு வேர் நூல் அறுவதுபோல அறும். கவருக்குள் இருக்கும் மணல் கலந்த மண் முதலில் காய்ந்து போகும். ஒரு விரற்கடைக்கு அப்பால் குளத்துக் களியில் ஈரம் இருக்கும். ஆனால் கவரைத் தாண்டி வேர் அங்கே போய்ச் சேரவில்லை. ஈரத்துக்கு நடுவே தாகம். கடலின் நடுவே நாவறண்டு கிடக்கும் மாலுமி அடையும் மோட்சத்தை, கடலே இல்லாத கறம்பக்குடியில் ஒரு மகிழங்கன்றுக்கு அருளியவர் எங்கள் பெருந்தகை.

ஒரு வருடம், வாடிய கன்றின் படம் ஊரில் கைப்பேசிக்குக் கைப்பேசி சுற்றிவிட்டது. பெருந்தகையின் உள்ளம் உருகிற்று. “தெனம் ரெண்டு வேளை ஊத்துங்கப்பா!” என்று ஆணை பிறந்தது. ஊற்றினார்கள். வெண்கலக் கும்பாவில் நீர் நிரம்பியது, வடியவில்லை, கொசு பிறந்தது. மண்ணின் இடுக்கில் காற்று போக வழியில்லாமல் வேர் மூச்சு முட்டி அழுகியது. தாகத்தில் சாகும் கன்றுக்கும் தண்ணீரில் மூழ்கிச் சாகும் கன்றுக்கும் முகம் ஒன்றுதான்: இலை மஞ்சளாகும், தலை தொங்கும். தொங்கிய தலையைக் கண்டவர்கள், ‘ஐயோ, இன்னும் தாகம் தீரவில்லை’ என்று மூன்றாம் வேளையும் ஊற்றினார்கள். கொடுத்துக் கொடுத்தே கொல்வது கர்ணனுக்கும் கைவராத கொடை.

இந்தப் பெருமை நம் நாட்டோடு நின்றுவிடவில்லை. துருக்கியில் 2019 நவம்பர் 11 அன்று ஒரே நாளில் 1 கோடியே 10 லட்சம் கன்றுகளை நட்டார்கள். ஒரு நகரத்தில் ஒரு மணி நேரத்தில் 3 லட்சத்துக்கும் மேல் நட்டு உலக சாதனையும் படைத்தார்கள். மூன்று மாதத்துக்குள் அங்குள்ள வனத்துறைத் தொழிற்சங்கத்தார், தாங்கள் பார்த்த இடங்களில் பத்தில் ஒன்பது வரை பட்டுப்போய்விட்டன, தண்ணீர் போதவில்லை என்றார்கள். அமைச்சகம் அதை மறுத்தது. மறுக்கத்தானே வேண்டும்? சாதனைப் பட்டம் நட்டதற்குத் தந்தது. பிழைத்ததற்கு யாரும் சாதனைப் பட்டம் கேட்கவில்லையே.

அசோகர் சாலையோரங்களில் மரம் நட்டார் என்று நாமெல்லாம் பள்ளியில் படித்தோம். அந்தச் சக்கரவர்த்தியிடம் ஒரு குறை உண்டு. தூண் சாசனத்தில் ஆலமரம் நட்டதையும் மாந்தோப்பு வைத்ததையும் சொன்னவர், அதோடு நில்லாமல், கிணறு வெட்டியதையும் சேர்த்துச் சொல்கிறார். மரத்தை நட்டுவிட்டுப் பக்கத்தில் கிணறும் வெட்டுகிறவனுக்குத் தன் கைராசி மீது நம்பிக்கை இல்லை என்றுதானே பொருள்? எங்கள் பெருந்தகை கிணறு வெட்டியதில்லை. அவ்வளவு தன்னம்பிக்கை.

இந்த இடத்தில், புகழத் தகாத ஒருத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. என் அப்பாயி. கஜாவில் விழுந்த பலாவுக்குப் பதிலாக ஒரு கன்று வைத்தாள். விழா வைக்கவில்லை. என்னைக்கூடக் கூப்பிடவில்லை. ஐப்பசியில், மழைக்கு நடுவே, சேலையை முழங்காலுக்குமேல் தூக்கிச் செருகிக்கொண்டு, கவரைக் கிழித்து எறிந்துவிட்டு நட்டாள். தரையில் தண்ணீர் நிற்கும் என்று குழியை நிரப்பி மண்ணை ஒரு சாண் உயர்த்திக் குன்றுபோலக் கட்டி, அதன்மேல் கன்றை வைத்தாள். பார்க்க அசிங்கமாக இருந்தது. அதற்கு முன்பே குழியின் சுவரைக் கடப்பாரையால் குத்திக் குத்திப் பாழாக்கியிருந்தாள். மார்கழி போனதும் ஓட்டைப் பானை ஒன்றை எடுத்து, ஓட்டையில் பழைய வேட்டித் துணியைத் திரியாகச் செருகி, கன்றுக்கு ஒரு முழம் தள்ளிப் புதைத்தாள். வாரத்துக்கு இரண்டு தடவை பானையை நிரப்புவாள். மூடிவிட்டுப் போய்விடுவாள். தண்ணீர் ஊற்றியதற்கு அடையாளமே வெளியில் தெரியாது. தானம் செய்ததை இப்படியா மண்ணுக்குள் ஒளித்துவைப்பது?

அதன்மேல் வைக்கோலும் பலா இலையும் தென்னை மட்டையுமாகக் குப்பையைக் குவித்து மூடாக்கு என்று பெயரும் வைத்தாள். மறு வருடம் பானையைத் தோண்டி எடுத்து இன்னும் ஒரு முழம் தள்ளிப் புதைத்தாள். ஏன் அப்பாயி, கன்றை விட்டு இவ்வளவு தூரத்தில் ஊற்றுகிறாய் என்று கேட்டேன்.

“வேரு தண்ணியத் தேடி நடக்கணும்டா அப்பு. வாயில கொண்டாந்து ஊட்டுனா அது எங்க நடக்கும்? பெறவு இன்னொரு காத்து அடிச்சா எதப் புடிச்சுக்கிட்டு நிக்கும்?”

பெரியவர்களைப் பேசக் கூடாதுதான். ஆனாலும் பாருங்கள், ஒரு கன்றிடம் இவ்வளவு கல்நெஞ்சம். அந்தப் பலா இப்போது கூரைக்குமேல் போய்விட்டது. கூண்டு இல்லை, பலகை இல்லை. யார் வைத்தது என்று வழிப்போக்கர் யாருக்கும் தெரியாது. வாழ்ந்தும் என்ன பயன்?

அதைவிட மோசமானவை எங்கள் மாவட்டத்துக் கோயில்காடுகள். அரையப்பட்டி, மரமடக்கிப் பக்கமெல்லாம் வீரை, காயா, உலக்கைப்பாலை என்று பசுமைமாறா மரங்கள் அடர்ந்து கிடக்கின்றன. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று அதற்கு ஒரு வகைப்பெயர் கொடுத்து, ஆராய்ச்சியாளர்கள் வந்து மரம் மரமாக எண்ணிவிட்டும் போயிருக்கிறார்கள். அங்கே பறவை விதை போடுகிறது, புதர் நிழல் கொடுக்கிறது, உதிர்ந்த இலை தரையை மூடி ஈரத்தைக் காக்கிறது, சாமிக்குப் பயந்து ஆள் கோடாரி தூக்குவதில்லை. இத்தனை காலத்தில் ஒரு பிரமுகர் கையால் ஒரு சொம்பு வாங்கிக் குடிக்கவில்லை. இலை மட்டும் மாறாத பச்சை. நன்றி என்றால் என்னவென்று தெரியாத மரங்கள். தைல மரம் ஒன்றுதான் எங்கள் மாவட்டத்தில் கொஞ்சம் நாகரிகம் அறிந்த பசுமைமாறா மரம். தன் தண்ணீரைத் தானே எடுத்துக்கொள்ளும். கண்மாய்க்கு வரவேண்டியதையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது என்று விவசாயிகள் பல வருடமாக மனு எழுதுகிறார்கள். விருந்தாளி நன்றாகச் சாப்பிட்டால் வீட்டுக்காரன் மனு எழுதுவதா?

மாநிலத்தின் பசுமைப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்தப் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. அந்த இலக்குக்கு எங்கள் பெருந்தகை ஆற்றிவரும் தொண்டு கணித மேதைகள் மெச்சத்தக்கது. காடு வளர்க்க நிலம் வேண்டும் என்று உலகமே நம்பிக்கொண்டிருக்க, இருபத்து மூன்றே குழிகளில் ஆறு விழாக்களில் 138 மரங்களை நட்டுக் காட்டியிருக்கிறார். போன வருடத்து நாவல் போன இடத்தில் இந்த வருடத்துப் புன்னை. குழி தோண்டும் செலவும் மிச்சம். மண் ஏற்கெனவே இளகித்தான் இருக்கும். ஆறாவது விழாவில் குழியிலிருந்து பழைய கருப்புக் கவர்களை உருவி எடுத்த தம்பி, மரத்தின் வயதை வளையம் எண்ணிச் சொல்வதுபோல, “அஞ்சு இருக்குண்ணே” என்றான்.

அந்த விழாவில் வாழ்த்துமடல் வாசிக்கும் பாக்கியம் என்னுடையது. நான் வாசித்து முடிக்க, பெருந்தகை சொம்பைக் கவிழ்க்க, சரியாக அந்த நேரம் பார்த்துப் புகைப்படக்காரரின் கை நடுங்கிவிட்டது. அவர் பதறிப்போய், “அண்ணே, மங்கலா விழுந்துருச்சு. மன்னிச்சுக்கங்கண்ணே, இன்னொருக்கா ஊத்துங்கண்ணே” என்றார். பெருந்தகை முகம் சுளிக்கவில்லை. இன்னொரு சொம்பு வந்தது. ஊற்றினார். அப்படியாக, ஆறு வருட வரலாற்றில் முதல்முறையாக ஒரு கன்றுக்கு அந்தத் திருக்கரத்தால் இரண்டாவது சொம்பு தண்ணீர் கிடைத்தது.

பெருந்தகை பல்லாண்டு வாழட்டும். அந்தப் புகைப்படக்காரரின் கை நடுக்கம் அதைவிடப் பல்லாண்டு வாழட்டும்.